மனுவும் கணக்கும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் கிராணி உத்தியோகம் பார்த்தவர்களுக்குச் செக்ரோல் எழுதுவதும் சம்பளம் போடுவதும் பாதி வேலை என்றால், தோட்டத்து ஜனங்களின் கடிதங்களை எழுதிக் கொடுப்பது மற்றப் பாதி வேலை. பிறப்புப் பத்திரம் தொலைந்தவர், மகனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவர், 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு சிவப்பு அடையாளக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பெர்மிட்டுக்கு அலைந்தவர் என்று எல்லோரும் சாயங்காலத்தில் கிராணி வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். எழுபதுகளில் நான் ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தபோது, எனக்கு முன்னிருந்தவர்கள் டைப் அடித்து வைத்த மனுக்களின் நகல்கள் ஆபீஸ் அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றைப் படித்துத்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். பல வருஷங்களுக்குப் பின், தோட்டம் கைமாறி, நான் ஜாசின் டவுனில் டைப் அடித்துக் கொடுக்கும் சிறு கடை ஒன்றை வைத்து, பேரங்காடிகளிலும் உணவகங்களிலும் சூப்பர்வைசர், மானேஜர் பதவிகளுக்குப் போட்டியிடும் பிள்ளைகளுக்கு ரெஸ்யூமே எழுத ஆரம்பித்தபோது, அலமாரியில் கற்ற அந்தப் பாடத்தில் பெரும்பகுதியை ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது.

அந்த மனுக்களுக்கென்று ஒரு கிரமம் உண்டு. கேட்பவன் தன் வறுமையையும் குடும்ப பாரத்தையும் தாயாரின் வியாதியையும் முதலில் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். பிறகு கொடுப்பவருடைய தயாள குணத்தைப் போற்ற வேண்டும். கோரிக்கையைக் கடைசி வரியில் பணிவோடு வைக்க வேண்டும். அந்தக் காலத்துக்கு அது பொருந்தாத முறையென்று நான் சொல்லமாட்டேன். கொடுப்பதும் மறுப்பதும் ஒரே துரையின் மனத்தைப் பொறுத்ததாக இருந்தபோது, மனத்தை இளக்குவதைத் தவிர வேறு உபாயம் ஏது? ஆனால், மானேஜரைத் தேடுகிற ஒரு ஸ்தாபனம் தன்னால் ஆதரிக்கப்பட வேண்டியவரைத் தேடவில்லை. கடைச் சாவியையும் பணப்பெட்டியையும் குளிரறையில் கிடக்கும் சரக்கையும் பத்துப் பதினைந்து பேருடைய அன்றாட உழைப்பையும் நம்பி ஒப்படைக்கத்தக்க ஒருவரைத் தேடுகிறது. அவ்விடத்தில் இரக்கத்தைக் கோரும் ஒவ்வொரு வாக்கியமும் விண்ணப்பிப்பவரின் யோக்கியதையைக் குறைத்தே காட்டும். அங்கே வேண்டியது கணக்கு.

மலாக்காவில் தமிழர் வியாபாரத்தை நிர்வகிப்பது நேற்று வந்த சங்கதியல்ல. 1511இல் போர்த்துகீசியர் நகரத்தைக் கைப்பற்றியபின் அவர்கள் தளபதி அல்புகெர்க் பெண்டாஹாரா என்னும் உயர்பதவியில் அமர்த்திய நினா சத்து ஒரு தமிழ் வணிகர். ஜாலான் துக்காங் எமாசில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில், இங்கேயே வேரூன்றிவிட்ட மலாக்கா செட்டிகளின் கோயில். அவர்களும் வணிகர் வழி வந்தவர்களே. தோட்டத்துத் தமிழர் வந்த பாதை வேறு. 1896இல் சீனத் தோட்டக்காரர் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வியாபாரப் பயிராக நட்டு, பின்னர் புக்கிட் அசஹானில் அதைப் பெருக்கிய பிறகு, இம்மாநிலமெங்கும் எழுந்த தோட்டங்களுக்குக் கங்காணிகளின் பின்னால் வந்தவர்கள் அவர்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, நிரையில் பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், அன்றைய உழைப்பின் கணக்கைக் கிராணிதான் செக்ரோலில் எழுதுவார். இத்தனை நாள் வேலை, இத்தனை ராத்தல் பால், இத்தனை பிடித்தம் என்று தங்கள் உழைப்பைப் பிறர் எழுத, தாங்கள் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியே மூன்று தலைமுறை கழிந்தது. தன் வேலையைத் தானே எழுதிக் காட்டும் பழக்கம் அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு எளிதில் வராததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தும், லயத்து ஜனங்கள் டவுன்களை நோக்கி நகர்ந்த அதே வருஷங்களில் மலாக்காவில் பெரிய அங்காடிகளும் எழுந்தன. தொண்ணூறுகளில் ஆயர் குரோ பக்கம் ஜாயா ஜஸ்கோவும், 1994இல் மக்கோத்தா பரேடும், 2006இல் டத்தாரான் பாலவானும் வந்தன. 2008இல் யுனெஸ்கோ இந்நகரை ஜார்ஜ் டவுனோடு சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகு ஹோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் பெருகின. ஜாசின், மெர்லிமாவ், செலாண்டார், அலோர் காஜா பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு அங்கெல்லாம் காசாளராகவும் பரிசாரகராகவும் போய்ச் சேர்ந்தார்கள். சேர்வதற்கு ரெஸ்யூமே தேவைப்படவில்லை. பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். ஐந்தாறு வருஷம் கழித்து, நேற்று வந்தவர் தமக்கு மேலாளராக வந்து உட்காரும்போதுதான், நாமும் விண்ணப்பித்தால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்குப் பிறக்கும். அந்தக் கட்டத்தில்தான் என்னிடம் வருவார்கள்.

அப்படி வந்த ஒரு பெண்ணின் விஷயத்தைச் சற்று விவரமாகச் சொல்கிறேன். பெயரையும் கடையையும் விட்டுவிடுகிறேன். பேரங்காடி ஒன்றில் ஆறு வருஷம் காசாளராக இருந்தவள், வேறொரு நிறுவனத்தில் துணை மானேஜர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாள். கொண்டுவந்த காகிதத்தில் தந்தையின் தொழில், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, ஆரம்பப் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய பரிசு ஆகிய எல்லாம் இருந்தன. ஆறு வருஷ வேலைக்கு மட்டும் ஒரே வரி. காகிதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு நான் கேட்கத் தொடங்கினேன்.

"காலையில கடைய யாரும்மா தொறக்கிறது?"

"நாந்தான் ஐயா. சாவி எங்கிட்டதான் இருக்கு. மானேஜர் பத்து மணிக்கு மேலதான் வருவாரு."

"கவுண்டர்ல சில்லறை போடுறது?"

"அதுவும் நாந்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிக் குடுத்து, அந்தப் பிள்ளைங்ககிட்டக் கையெழுத்து வாங்கிக்குவேன்."

"ராத்திரி காசு கொறைஞ்சா?"

"ரசீதுச் சுருள எடுத்து எந்த பில்லுல தப்புன்னு தேடுவேன். அந்தப் பிள்ளைய பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டுத்தான் எண்ணுவேன். இல்லாட்டி நாளைக்கு அவ மேல பழி விழுந்துரும்ல?"

"இதையெல்லாம் ஏம்மா எழுதல?"

"அதெல்லாம் என் வேலை இல்லியே ஐயா. நான் கேஷியர்தானே!"

அந்தக் கடைசி வாக்கியத்தை வெவ்வேறு வாய்களிலிருந்து நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சம்பளச் சீட்டில் எந்தப் பதவி அச்சாகியிருக்கிறதோ அதுவே தான் செய்த வேலை என்றும், அதற்கு மேல் செய்ததெல்லாம் உபகாரம் என்றும் எண்ணும் சுபாவம் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. மானேஜர் பதவிக்கு ஆள் எடுப்பவர் படிக்க விரும்புவதோ அந்த உபகாரத்தைத்தான். அன்று மாலை நாங்கள் இருவருமாக எழுதி முடித்த பகுதி, ஆங்கிலத்தில் அமைந்ததன் சாரத்தைச் சொன்னால், இப்படி இருந்தது: பதவி, காசாளர், கடைசி மூன்று வருஷம் கடை திறப்பும் பணப்பெட்டகச் சாவியும் இவர் பொறுப்பு, எட்டுக் காசாளர்களின் ஷிப்ட் அட்டவணையை வாரந்தோறும் தயாரித்தவர், பண்டிகைக் காலங்களில் தற்காலிக ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தவர், இரவுக் கணக்கில் வரும் பணக் குறைவைச் சம்பந்தப்பட்டவர் முன்னிலையிலேயே சரிபார்க்கும் முறையை ஏற்படுத்தியவர். பதவியின் பெயரை நாங்கள் மாற்றவில்லை. காசாளர் என்றே விட்டுவிட்டு, அந்தப் பெயருக்கு அடியில் பொறுப்புகளை வரிசையாக வைத்தோம். படிக்கிறவர் தாமாகவே வித்தியாசத்தைக் கண்டுகொள்வார்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயங்கள் வர வேண்டும் என்பதை நான் நியமமாக வைத்திருக்கிறேன்: என்ன ஒப்படைக்கப்பட்டது, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது, அதனால் என்ன விளைந்தது. "சரக்குப் பிரிவைக் கவனித்தேன்" என்பதில் முதலாவது மட்டுமே இருக்கிறது. பால், தயிர், உறைபொருள் ஆகியவற்றின் பிரிவு, நால்வர் உதவியோடு, மாதாந்தரக் கணக்கெடுப்பில் காணாமற்போகும் சரக்கின் விகிதம் இன்னதிலிருந்து இன்னதற்கு இறங்கியது என்று எழுதினால் மூன்றும் இருக்கின்றன. சில்லறை வியாபாரத்தில் திருட்டு, உடைசல், காலாவதி, எழுத்துப் பிழை ஆகியவற்றால் கரையும் சரக்கு, சாதாரணமாக விற்பனையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை இருக்கும். லாபமே சொற்பமாக உள்ள மளிகைக் கடைக்கு அந்த ஒன்றும் இரண்டும் சின்ன விஷயமல்ல. முதலில் வந்த சரக்கை முதலில் தள்ளுவது, விலைச்சீட்டும் கணினி விலையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது, பின்வாசலில் லாரி இறக்கும்போது பில்லோடு சரக்கை எண்ணி வாங்குவது முதலிய காரியங்களால் அந்த விகிதத்தைக் குறைத்தவர் யாராயிருந்தாலும், அவர் நிர்வாகம் செய்தவரே. ஆனால் ஓர் எச்சரிக்கை: பழைய முதலாளியின் விற்பனைத் தொகையை வெளிப்படையாக எழுதக் கூடாது. விகிதத்தையும் ஏற்ற இறக்கத்தையும் சொல்லலாம். தொகை அவருடைய ரகசியம். அந்த ரகசியத்தை இன்று எழுதித் தருகிறவர் நாளை நம்முடையதையும் எழுதுவார் என்றுதான் புதிய முதலாளி நினைப்பார்.

உணவகத்துக்கு வேறு கணக்கு. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மலாக்கா டவுனில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பல வருஷம் உழைத்த ஓர் இளைஞன், தொடர் உணவக நிறுவனம் ஒன்றின் கிளை மானேஜர் பதவிக்கு எழுதித் தரும்படி கேட்டான். முதலாளி ஊருக்குப் போகும் மாதங்களில் அவன்தான் கடை. விடியற்காலையில் பாசாருக்குப் போய் மீன் பார்த்து வாங்குவான். மத்தியானக் கூட்டத்துக்கு எத்தனை கிலோ அரிசி போடுவது என்று கிழமை பார்த்துத் தீர்மானிப்பான். வெள்ளிக்கிழமை மரக்கறி அதிகம் போகும், ஞாயிற்றுக்கிழமை நண்டு போகும் என்பது அவனுக்கு மனப்பாடம். அவற்றையெல்லாம் அவன் அனுபவம் என்று சொன்னானே தவிர, கணக்காகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு தட்டின் விலையில் சாமான் செலவு எத்தனை பங்கு என்று நான் கேட்டேன். அவன் விரல்விட்டுக் கணக்குப் போட்டு, "மூணுல ஒண்ணுக்கு மேல போக விடமாட்டேன் ஐயா, போச்சுன்னா கறி அளவ மாத்திருவேன்" என்றான். பெரிய நிறுவனங்கள் மாதந்தோறும் பார்க்கிற முதல் எண் அதுதான். உணவுச் செலவு விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்டிருக்க வேண்டும், உணவும் கூலியும் சேர்ந்து அறுபது அறுபத்தைந்து சதவிகிதத்தைத் தாண்டினால் கடை தள்ளாடும் என்பது அந்தத் தொழிலின் பொது நியதி. அவனுக்குத் தெரிந்திருந்ததை அவர்கள் பாஷையில் எழுதினேன். புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

அவன் ரெஸ்யூமேயில் இன்னொரு பகுதியையும் மேலே கொண்டுவந்தேன். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், வைத்தியப் பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். டைபாய்டு ஊசிக்கான அட்டையைப் பிள்ளைகள் அலட்சியமாகப் பணப்பையில் மடித்து வைத்திருப்பார்கள். ஆனால் தான் ஊசி போட்டுக்கொண்டதைவிட, சமையற்கட்டில் எல்லோருடைய ஊசியும் காலாவதியாகும் தேதியைப் பட்டியல் போட்டுக் கவனித்துவந்தான் என்பது பெரிய தகுதி. கவுன்சில் ஆட்கள் சோதனைக்கு வரும்போது காட்டவேண்டிய பதிவேடுகள் அவன் பொறுப்பில் இருந்தன என்பது அதைவிடப் பெரிய தகுதி. மானேஜர் என்பவர் ருசியாகச் சமைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை. நாளைக்குக் கடையைச் சீல் வைக்காமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவராக அவசியம் இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான குணமும் சிலரிடம் உண்டு. முதலாளி இல்லாத நாளில் கல்லாவில் உட்கார்ந்தவர் தம்மை மானேஜர் என்றே எழுதச் சொல்வார். ஐந்து பேர் வேலை செய்த இடத்தில் இருபது பேர் என்று போடச் சொல்வார். அவர்களுக்கு நான் ஒரு சோதனை வைப்பேன். ரெஸ்யூமேயில் ஒவ்வொரு வரியையும் காட்டி, "இதை எப்படிச் செய்தீர்கள்? அப்போது யார் கூட இருந்தார்? தப்பு நடந்தால் யாருக்குப் போன் போடுவீர்கள்?" என்று கேட்பேன். மூன்று கேள்விக்கும் தங்குதடையில்லாமல் பதில் வந்தால் வரி இருக்கும், வராவிட்டால் அடித்துவிடுவேன். நேர்முகத் தேர்வில் எதிரே உட்காருபவர் அந்தத் தொழிலிலேயே பழுத்தவராக இருப்பார். உண்மையாகச் செய்தவன் சொல்லும் சில்லறை விவரங்கள் பொய் சொல்லுகிறவனுக்குத் தோன்றாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

சொந்த விவரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய அச்சுப் பாரங்களில் இனம், மதம், தந்தையின் தொழில், திருமண நிலை, அடையாளக் கார்டு எண் ஆகிய அனைத்தும் கேட்கப்பட்டதால், அவற்றையெல்லாம் எழுதுவதே மரியாதை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் ஊர் ஆகியவை போதும். அடையாளக் கார்டு எண்ணை வேலை கிடைத்த பிறகு கொடுக்கலாம். எத்தனையோ கைகளில் சுற்றிவரும் காகிதத்தில் அதை எழுதுவது விவேகமல்ல. தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகையில் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கழித்தவர்கள், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய வருஷத்தை மட்டும் குறித்தால் போதும். பள்ளி ஆண்டுகளை முழுவதும் வரிசைப்படுத்தினால், விஷயம் தெரியாதவர் ஒரு வருஷம் தோற்றுப்போனதாக எண்ணக் கூடும். எஸ்.பி.எம்.மில் தேறாதவர்கள் அதற்காகக் கூச வேண்டியதில்லை. பணியிடத்தில் கற்றதை மதிப்பிட்டு வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழின் மூன்றாம் நிலை வரை பெற்றவர்களை நிறுவனங்கள் மதிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நம் பிள்ளைகள் பெரிதாக எண்ணாத இரண்டு சொத்துக்களை நான் வற்புறுத்தி எழுதவைப்பேன். ஒன்று பாஷை. மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் பேசுவதோடு, மாச்சாப் பக்கத்துச் சீனக் கடைகளில் வளர்ந்ததால் ஹொக்கியனில் பேரம் பேசத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாடிக்கையாளரின் கோபத்தை அவருடைய பாஷையிலேயே தணிக்கத் தெரிந்தவர் கடைக்கு லாபம். பேசத் தெரியும், எழுத வராது என்றால் அப்படியே எழுதிவிட வேண்டும். மற்றொன்று வாகனம். இரவு பத்து மணிக்குக் கடை மூடி, கணக்கு முடித்துப் பதினொரு மணிக்குப் புறப்படுகிறவருக்குத் தோட்டப்புறம் போகப் பஸ் இராது. ஜாசினிலிருந்து மலாக்கா டவுன் இருபது கிலோமீட்டருக்கு மேல். "சொந்த மோட்டார் சைக்கிள், பி2 லைசென்ஸ், எந்த ஷிப்டும் இயலும்" என்ற ஒரு வரி, சில சமயம் ஒரு சான்றிதழுக்குச் சமமான காரியத்தைச் செய்துவிடும்.

எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்டால் தொகையைச் சொல்ல வேண்டும். "தங்கள் சித்தம்போல்" என்று எழுதுவது பழைய மனுவின் மிச்சம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதற்கு மேல் ஒரு மானேஜரின் பொறுப்புக்கு என்ன மதிப்பு என்பதைப் பக்கத்துக் கடைகளில் விசாரித்துவிட்டே எழுத வேண்டும். இன்னொன்றையும் கணக்கிட வேண்டும்: 2023 ஜனவரி முதல் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை என்றாலும், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவருக்கு ஓவர்டைம் கொடுக்கச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. பதவி உயர்ந்து, கைக்கு வருவது குறைந்த விந்தையை அனுபவித்தவர்கள் உண்டு.

1997இல் ஜாப்ஸ்திரீட் என்ற வேலைவாய்ப்பு இணையதளம் தோன்றிய நாளிலிருந்து விண்ணப்பங்கள் மெல்ல மெல்லக் கணினிக்குள் போய்விட்டன. இப்போது சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கெசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் விண்ணப்பிக்கிறார்கள். முதலில் படிப்பது மனிதராயிராமல் யந்திரமாயிருக்கக் கூடும் என்பதால், விளம்பரத்தில் அவர்கள் சரக்குக் கட்டுப்பாடு என்று எழுதியிருந்தால் நாமும் அதே சொல்லைப் பிரயோகிப்பது நல்லது. பூவேலையும் வண்ணக் கட்டங்களும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அண்மையில் செய்த வேலை முதலில் வர வேண்டும். சான்று சொல்ல இருவர் பெயரைக் கொடுக்குமுன் அவர்களிடம் சம்மதம் கேட்டு, எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். கோயில் தலைவரைவிட, கூட வேலை செய்த பழைய சூப்பர்வைசரின் சொல்லுக்கே மதிப்பு அதிகம்.

எழுதி முடித்தவர்களிடம் காகிதத்தோடு நான் சொல்லியனுப்பும் யோசனை ஒன்றுதான். ஆளுக்கொரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கி, மாதம் சம்பளம் வரும் நாளில், அந்த மாதம் புதிதாகக் கைக்கு வந்த பொறுப்பு எது, யாருக்கு என்ன கற்றுக் கொடுத்தோம், எந்த நஷ்டத்தைத் தடுத்தோம், எண்ணிக்கை என்ன என்று நாலு வரி எழுதிவைக்க வேண்டும். செக்ரோலில் நம் பெயருக்கு நேராகக் கிராணி எழுதிவந்ததை இனி நாமே எழுத வேண்டிய காலம் இது. அந்த நோட்டை மூன்று வருஷம் விடாமல் எழுதியவருக்கு என் கடைக்கு வரவேண்டிய அவசியம் பெரும்பாலும் ஏற்படாது. வந்தாலும், நான் டைப் அடித்துக் கொடுத்தால் போதும்.